கல்லா, வசூல், சரக்கு, புதுக் கடை: கடைக்காரரிடம் ஒரு மணி நேரம்தான் இருந்தால் எது முதலில்?

மளிகை, ஹார்டுவேர், எலெக்ட்ரிக்கல், ஸ்டேஷனரி என்று இரண்டு மூன்று ஆட்களை வைத்துக் கடை நடத்துபவர்களுக்குச் செய்ய வேண்டியவை என்னவென்று தெரியாமல் இல்லை. இரவு கல்லாவைச் சரிபார்க்க வேண்டும். பாக்கிக்காரர்களுக்குப் போன் போட வேண்டும். சரக்கை எண்ண வேண்டும். புதுக் கடைகளுக்குப் போய் ஆர்டர் கேட்க வேண்டும். நான்குமே மனம் விரும்பாத வேலைகள், அதனாலேயே "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போகின்றன. நான்கையும் ஒரே திங்கட்கிழமை தொடங்குபவர் பெரும்பாலும் அடுத்த வாரத்துக்குள் நான்கையும் விட்டுவிடுகிறார். எனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

விடியற்காலை எழுவதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. காய்கறி, பூ, மீன் வியாபாரத்தில் கடிகாரத்தைச் சந்தைதான் வைக்கிறது. கோயம்பேட்டில் லாரி சரக்கு இறங்குவது இரவில்தான், அங்கே வாங்குபவர் அந்த நேரத்துக்கு எழாமல் முடியாது. ஆனால் இரவு பத்தரைக்கு ஷட்டர் போடும் மளிகைக்காரர் நாலரை மணிக்கு எழுந்தால் அவருக்குக் கிடைப்பது தூக்கக் கலக்கமும், மதியம் தப்பாகப் போட்ட நாலு பில்லும். கஷ்டமாக இருக்கிறது என்பதாலேயே ஒரு பழக்கம் லாபம் தந்துவிடாது.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகள் போதும்.

1. இதற்கு உண்மையில் எத்தனை நிமிடம் ஆகும்?
2. பலன் கையில் தெரிய எத்தனை நாள் ஆகும்?
3. முதலாளியே செய்ய வேண்டுமா, ஆளிடம் விடலாமா?
4. ஒரு நாள் விட்டால் மறுநாள் சேர்த்துச் செய்ய முடியுமா?
5. வெளியே தெரியாத செலவு என்ன?

இவற்றோடு உங்கள் கடையின் மூன்று எண்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்த விற்பனையில் கடன் விற்பனை எத்தனை பங்கு? வெளியே நிற்கும் பாக்கி எத்தனை நாள் கடன் விற்பனைக்குச் சமம்? 90 நாளாக அசையாத சரக்கின் கொள்முதல் மதிப்பு எவ்வளவு? மூன்றும் பில்லிங் மென்பொருளிலேயே இருக்கும். நோட்டுக் கணக்கு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எடுத்துவிடலாம்.

## அ. இரவு கல்லா முடிப்பது

தினம் 25 முதல் 30 நிமிடம். கடையை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் இதன் கஷ்டம்.

தினமும் காலையில் கல்லாவில் ஒரே தொகையைத் தொடக்க இருப்பாக வையுங்கள். சிறு நோட்டும் சில்லறையுமாக 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரவில் நோட்டுகளை 500, 200, 100 என்று பிரித்து எண்ணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிய பிறகுதான் கணக்கைத் திறக்க வேண்டும். கணக்கைப் பார்த்துவிட்டு எண்ணினால் கை அந்தத் தொகையை நோக்கியே எண்ணும்.

தொடக்க இருப்பு 3,000, ரொக்க விற்பனை 28,450, பழைய பாக்கி ரொக்கமாக வந்தது 6,000. இதில் கடைச் செலவு 1,310, வங்கியில் கட்டியது 20,000, வீட்டுக்கு எடுத்தது 2,000 போக 14,140 இருக்க வேண்டும். எண்ணினால் 13,600. துண்டு 540.

இங்கே கணக்குப்பிள்ளைகளின் பழைய உபாயங்கள் இரண்டு உண்டு. வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 710 ரூபாய் செலவை 170 என்று எழுதினால் சரியாக 540 துண்டு விழும். அது கிடைக்கவில்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுங்கள். 270 ரூபாய் செலவைத் தவறி வரவுப் பக்கம் எழுதியிருந்தாலும் துண்டு அதே 540தான். பத்து நிமிடம் தேடியும் அகப்படாவிட்டால் "துண்டு / மிச்சம்" என்று தனிக் கணக்கில் எழுதிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். பைசா சேரும்வரை எழுந்திருப்பதில்லை என்று உட்காருபவர் இந்தப் பழக்கத்தைப் பத்து நாளில் வெறுத்துவிடுவார்.

தவறு அதிகம் நடக்கும் இடம் யுபிஐ. செயலியில் நாள் நள்ளிரவில் மாறும், உங்கள் கடையில் நாள் ஷட்டரோடு முடியும். பத்தேகாலுக்குக் கணக்கு எடுத்த பிறகு வரும் மூன்று பரிவர்த்தனைகள் எந்த நாளிலும் சேராமல் தொங்கும். எனவே கடைசியாகச் சேர்த்த பரிவர்த்தனையின் நேரத்தைச் சீட்டில் எழுதி, மறுநாள் அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்குங்கள். வங்கியில் வரவாகும் தொகை மறுநாளோ பல பகுதிகளாகவோ வரக்கூடும், ஆகவே இரவில் ஒப்பிட வேண்டியது செயலியின் பட்டியலை. ஸ்பீக்கர் பெட்டி ஒலிக்காமல், வாடிக்கையாளர் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுத்ததும் இந்தக் கணக்கில்தான் வெளியே வரும். க்யூஆர் அட்டையின் மேல் வேறொரு அட்டை ஒட்டப்பட்டிருந்தாலும் அன்றிரவே தெரிந்துவிடும்.

துண்டு விழும் நாளைவிட மிச்சம் வரும் நாளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். பணம் மிச்சம் என்றால் பில் போடாமல் ஏதோ விற்றிருக்கிறது. மறதியாக இருக்கலாம். அல்லது யாரோ எடுக்க நினைத்து, அன்றைக்கு எடுக்க முடியாமல் போயிருக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு ஆட்கள் பக்கம் இருக்கிறது. துண்டைச் சம்பளத்தில் பிடிக்கத் தொடங்கினால், மிச்சம் வரும் நாளில் அதைக் காட்டாமல் நாளைய துண்டுக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். பிறகு உங்கள் கணக்கு தினமும் அழகாகச் சேரும், அதில் உண்மை இருக்காது. கல்லாவில் நிற்பவரையும் கூட வைத்துக்கொண்டு எண்ணுங்கள், இருவரும் கையெழுத்துப் போடுங்கள், சிறு துண்டுகளை விட்டுவிடுங்கள்.

அன்றாட முடிப்பில் வருமான வரி விஷயமும் இரண்டு உண்டு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பொதுவாக அது செலவாக ஏற்கப்படாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது. வருடக் கடைசியில் ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட அன்றிரவே தெரிந்தால் அடுத்த முறையாவது தவிர்க்கலாம்.

விட்டுவிட்டால் மறுநாள் சேர்த்துச் செய்ய முடியாத வேலை இது. இரண்டு நாள் பணம் கலந்துவிட்டால் தப்பு எந்த நாளுடையது என்று பிரிக்க வழியில்லை.

## ஆ. வசூல் போன்

நாளுக்குப் பத்து அழைப்பு, 30 முதல் 40 நிமிடம். நான்கில் மனத்துக்கு மிகவும் கசப்பானது இதுதான். பணத்தை மிக விரைவாகக் கொண்டுவருவதும் இதுதான்.

மாதக் கடன் விற்பனை 6 லட்சம், பாக்கி 12 லட்சம் என்றால் உங்கள் பணம் 60 நாளாக வெளியே நிற்கிறது. அதை 45 நாளாக்கினால் பாக்கி 9 லட்சமாகும், 3 லட்சம் கைக்கு வரும். ஓவர்டிராஃப்டுக்கு 12 சதவீத வட்டி கட்டுகிறீர்கள் என்றால் வருடத்துக்கு 36,000 மிச்சம். இதற்காக ஒரு ரூபாய் சரக்குகூட கூடுதலாக விற்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவர், பில் போட்ட மாதத்தின் வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் தீர்க்க வேண்டும். அந்தப் பில்லுக்குப் பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கடன் நீள நீள, வாங்கியவர் தர வேண்டிய வரியையும் நீங்கள்தான் சுமக்கிறீர்கள்.

பாக்கிகளை 0–30, 31–60, 61–90, 90க்கு மேல் என்று நாலாகப் பிரியுங்கள். பழையதிலிருந்து தொடங்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் முதல் மாதம் 31–60ஐப் பிடிப்பதே மேல். அங்கேதான் ஒரு போனுக்குப் பணம் வரும், உங்களுக்கும் கை பழகும். 90 நாளைத் தாண்டியதற்குப் போன் உதவாது, நேரில்தான் போக வேண்டும்.

நேரம் பார்த்துப் பேசுவது பாதி வேலை. போணி ஆகாத கடையில் பணம் கேட்பது அபசகுனம். விளக்கு வைத்த பிறகு பணம் கொடுக்காதவர்கள் உண்டு, செவ்வாயும் வெள்ளியும் கல்லாவிலிருந்து பணம் எடுத்துத் தராதவர்களும் உண்டு. காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை பொதுவாகத் தோது. முந்தின நாள் மாலையே பாக்கி விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் "எந்த பில்லுன்னு தெரியலையே" என்ற பதிலுக்கு இடமிருக்காது.

"எப்பண்ணே தருவீங்க?" என்றால் "பாத்து அனுப்புறேன் தம்பி" என்றுதான் வரும். "அண்ணே, 14ஆம் தேதி பில்லு 18,400 நிக்குது. வியாழக்கிழமை பையனை அனுப்பட்டுமா, இல்ல ஜிபே போட்டுருறீங்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் தேதியை எழுதிவைத்து, அதே நாளில் திரும்ப அழைக்க வேண்டும். சொன்ன தேதியில் நீங்கள் அழைக்காமல் விட்டால், உங்கள் பாக்கி அவசரமில்லாதது என்று அவருக்கு நீங்களே சொல்லிவிட்டதாக ஆகிவிடும். வசூல் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பணம் நிற்பதற்கு எப்போதும் பணத்தட்டுப்பாடே காரணமாக இருக்காது. ரேட் வித்தியாசம், உடைந்து வந்த பெட்டிக்குக் கழிக்காத தொகை, திரும்பிய சரக்குக்குப் போடாத கிரெடிட் நோட்டு என்று ஒரு சின்ன முள் மாட்டியிருக்கும். 300 ரூபாய் தகராறுக்காக 18,000 நிற்கும். போனில் முதலில் அதைக் கேட்டு அன்றே தீர்த்துவிடுங்கள்.

காகிதமும் முக்கியம். விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடக் கெடு. அந்தக் கெடு தீருவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு பாக்கிக்காரர் எழுத்தில் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். ஆகவே ஒவ்வொரு மார்ச் 31ஆம் தேதி இருப்புக்கும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாங்கிய செக்கை அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்தால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பிறகு அவருக்கு 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றம். "அடுத்த வாரம் போடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்பவரிடம் இந்த நாட்கள் கரைந்துவிடும்.

ஜிஎஸ்டி பதிவுள்ள வாடிக்கையாளருக்கு மெதுவாக நினைவூட்ட இன்னொன்றும் இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தப் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கியபோது கட்டிய வரி என்று தன் வரியில் கழித்துக்கொண்டதை) அவர் வட்டியோடு திருப்ப வேண்டும். மிரட்டலாகச் சொன்னால் உறவு கெடும். "ஆடிட்டர் கேட்பாருண்ணே" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு: ஓரிரு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். சொந்தக்காரர் பாக்கி என்றால் கல்யாண வீட்டில் முகம் திரும்பும். வசூலுக்குப் பையனை அனுப்பினால் வேறு ஆபத்து. ஒருவர் தந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் இன்னொருவர் தந்ததை முதலாமவர் பெயரில் வரவு வைப்பது வசூலில் நடக்கும் பழைய தில்லுமுல்லு. எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், வசூலான அன்றே வாடிக்கையாளருக்குச் செய்தி, இரவு கல்லா முடிப்பு மூன்றும் சேர்ந்தால்தான் அது பிடிபடும். பணம் வாங்கிவர ஆளை அனுப்பலாம். தேதி வாங்குவது முதலாளியின் குரலாகவே இருக்கட்டும்.

ஒரு நாள் விட்டால் மறுநாள் பிடித்துவிடலாம். ஆனால் அவர் சொன்ன தேதி வரும் நாளை மட்டும் விடக்கூடாது.

## இ. தினம் பன்னிரண்டு பொருள் எண்ணுவது

வருடத்துக்கு ஒருமுறை கடையை மூடிவிட்டு மொத்தமாக எண்ணுவதில் பெரிய பயனில்லை. எண்ணிக்கை குறைந்திருப்பது தெரியும், எப்போது குறைந்தது என்று தெரியாது. தினம் கொஞ்சம் எண்ணுவதே மேல். 1,200 வகைப் பொருள் உள்ள கடையில் அதிக மதிப்புக்கு விற்கும் 120ஐ முதலில் எடுங்கள். நாளுக்கு 12 என்றால் பத்து வேலை நாளில் ஒரு சுற்று முடியும்.

கடை திறக்கும் முன் எண்ண வேண்டும், விற்பனைக்கு நடுவே எண்ணினால் எண் நிற்காது. எண்ணுபவர் கையில் பொருளின் பெயர் மட்டும் இருக்கட்டும், கணினியில் உள்ள அளவு வேண்டாம். வித்தியாசம் வந்தால் திருட்டு என்று உடனே பாயாதீர்கள். பெட்டி, பீஸ் குழப்பம்தான் முதல் சந்தேகம். 24 பாக்கெட் உள்ள பெட்டி பத்து வந்ததை 10 பாக்கெட் என்று ஏற்றியிருந்தால் 230 பாக்கெட் வித்தியாசம் வரும். அடுத்தது ஒரே பிராண்டின் இரண்டு அளவுகளை மாற்றி பில் போடுவது, அப்போது ஒன்று குறைந்து மற்றது அதே எண்ணிக்கையில் கூடியிருக்கும். எண்ணும்போதே காலாவதித் தேதியையும் பார்த்து, முதலில் முடிவதை முன்னால் இழுத்து வையுங்கள்.

நேரம் 20 நிமிடம்தான், ஆளிடமும் விடலாம். ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பில்லிங் ஒழுங்காக இல்லாத கடையில் எண்ணி என்ன பயன்? ஒப்பிட நம்பகமான எண்ணே இருக்காது. வெளியே தெரியாத செலவு வரியில் இருக்கிறது: கெட்டுப்போனதை, தொலைந்ததைக் கணக்கிலிருந்து தள்ளும்போது அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் திருப்ப வேண்டும்.

## ஈ. தினம் இரண்டு புதுக் கடை

மொத்த வியாபாரி, ஏஜென்சி, ஓட்டல்களுக்குச் சரக்கு போடுபவர் போன்றவர்களுக்கு மட்டும் பொருந்தும். தெருமுனை மளிகைக்கு இது வேண்டாம். போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று நான்கு முறை போன பிறகே முதல் ஆர்டர் வரும், அதுவும் "ஒரு மாசம் கடன் கொடுங்க" என்ற பேச்சோடு வரும். பெட்ரோல், சாம்பிள், நீங்கள் இல்லாத கடையில் நடக்கும் கவனக்குறைவு எல்லாம் இதன் செலவில் சேரும். முதல் மூன்று ஆர்டர் ரொக்கம், பிறகு ஒரு வரம்போடு கடன் என்ற கட்டுப்பாடு இல்லாமல் இதில் இறங்கினால், விற்பனை ஏறும், கையில் பணம் இறங்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கல்லா முடிப்பு | வசூல் போன் | சரக்கு எண்ணிக்கை | புதுக் கடை |
|---|---|---|---|---|
| தினசரி நேரம் | 25–30 நிமிடம் | 30–40 நிமிடம் | 20 நிமிடம் | ஒரு மணிக்கு மேல் |
| பலன் தெரிய | ஒரு வாரம் | இரண்டு வாரம் | 2–3 மாதம் | 3–6 மாதம் |
| ஆளிடம் விடலாமா | எண்ணலாம், முடிக்கக் கூடாது | பணம் வாங்க மட்டும் | விடலாம் | முதலில் கூடாது |
| ஒரு நாள் விட்டால் | ஈடுகட்ட முடியாது | சொன்ன தேதி தவிரப் பரவாயில்லை | பரவாயில்லை | பரவாயில்லை |
| மறைந்த செலவு | ஆட்களின் மனக்கசப்பு | உறவு, ஓரிரு வாடிக்கையாளர் | திருப்ப வேண்டிய வரி | புதுக் கடன் |

## யாருக்கு எது

கடன் விற்பனை மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பாக்கியும் நீங்கள் சொன்ன தவணையைத் தாண்டிப் பதினைந்து நாள் நிற்கிறது என்றால் யோசிக்க வேண்டாம், வசூல்தான். பேசக் கூச்சம் என்பது இங்கே காரணமாகாது. பத்து முடியாவிட்டால் மூன்று அழைப்பில் தொடங்கலாம்.

ரொக்கமும் யுபிஐயுமாக ஓடும் சில்லறைக் கடை, கல்லாவில் உங்களைத் தவிர இன்னொருவரும் நிற்கிறார் என்றால் கல்லா முடிப்பு. 8 சதவீத லாபத்தில் ஓடும் கடையில் தினம் 200 ரூபாய் கசிந்தால், வருடத்தில் 300 நாளுக்கு 60,000. அதை ஈடுகட்ட ஏழரை லட்சத்துக்குக் கூடுதலாக விற்க வேண்டும். நீங்கள் ஒருவரே கல்லாவில் இருந்தாலும் இது தேவைதான். கடைப் பணமும் வீட்டுப் பணமும் கலப்பது அங்கேதான் அதிகம்.

அசையாத சரக்கு மொத்த இருப்பில் கால் பங்கைத் தொட்டால், அல்லது மருந்து, குழந்தை உணவு போலத் தேதி பார்த்து விற்கும் பொருள் அதிகம் என்றால் எண்ணிக்கை. முதலில் ஒரு மாதம் பில்லிங்கைச் சரிசெய்துவிட்டு இதைத் தொடங்குங்கள்.

புதுக் கடைகளைத் தேடிப் போவது, ஒரே வாடிக்கையாளர் உங்கள் விற்பனையில் பாதியை வைத்திருக்கும்போது அவசரமாகிறது. அவர் போய்விட்டால் கடையே ஆடிவிடும். மற்றவர்களுக்கு இது கடைசி. பழைய பாக்கியே வராத நிலையில் புதுப் பாக்கியைத் தேடிப் போக வேண்டாம்.

இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் கடையில், அண்ணன் தம்பியோ கணவன் மனைவியோ, வேலையைப் பிரிக்கலாம். கறாராகப் பேச வருபவர் வசூலை எடுத்துக்கொள்ளட்டும், பொறுமை உள்ளவர் கல்லாவை. ஒருவர் வசூலித்ததை மற்றவர் வரவு வைப்பது கணக்குக்கும் நல்லது.

## தொடங்கிய பிறகு

எந்தப் பழக்கத்துக்கும் ஒரு குறைந்தபட்ச அளவை முன்பே எழுதிவையுங்கள். கல்லாவுக்கு நோட்டை எண்ணிச் சீட்டு எழுதுவது மட்டும், வசூலுக்கு மூன்று அழைப்பு, சரக்குக்கு மூன்று பொருள். காய்ச்சல், கல்யாணம், மின்வெட்டு நாட்களில் அதைச் செய்தால் போதும். தீபாவளிக்கு முந்தின வாரம் சரக்கு எண்ணிக்கையை நிறுத்திவிடலாம். கல்லாவை நிறுத்தக் கூடாது, வருடத்தில் அதிகப் பணம் புரளும் வாரம் அது.

இரண்டாவது பழக்கத்தை எப்போது சேர்ப்பது? கல்லா என்றால், தொடர்ந்து 30 நாள் முடித்து, அதில் 25 நாளாவது வித்தியாசம் 50 ரூபாய்க்குள் வந்த பிறகு. வசூல் என்றால், 60 நாளைத் தாண்டிய பாக்கி பாதியாகக் குறைந்த பிறகு, அதற்கப்புறம் பத்து அழைப்பு நாலாகக் குறைந்தாலும் போதும். சரக்கில் முக்கிய 120 பொருளும் அடுத்தடுத்த இரண்டு சுற்றில் சரியாக வந்தால், அவற்றை மாதம் ஒருமுறைக்குத் தள்ளிவிட்டு மீதி 1,080ஐத் தொடங்கலாம். கல்லா முடிப்பை மட்டும் எந்த நிலையிலும் குறைக்க முடியாது. ஷட்டர் திறக்கும் நாளெல்லாம் அது உண்டு.